கைப்பேசி வாங்கும் முன் ஆண்டுக் கணக்குப் பாருங்கள்

காபிப் பழம் பறித்து, பார்ச்மெண்ட் காய்ந்து, விற்ற பணம் கைக்கு வரும் நாள்களில் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து சேலத்துக்கு இறங்கும் விவசாயிகள் வாங்கி வரும் பொருள்களில் இப்போது ஸ்மார்ட்போன் எனப்படும் கைப்பேசியும் ஒன்றாகிவிட்டது. கறவை மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், கறந்து பார்க்கிறோம், எத்தனை ஈத்து என்று கேட்கிறோம். மண்வெட்டி வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கைப்பேசியை மட்டும், பெட்டியின் மேல் அச்சடித்த பெரிய எழுத்தையும் கடைக்காரர் சொல்லையும் நம்பி வாங்கிவிடுகிறோம்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் விலை மலிவு என்று ஒரு கைப்பேசி வாங்கினேன். ஓராண்டு கழிந்து ஏற்காடு மலையில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் காபி இலைத் துரு நோயைப் படம் எடுக்க முயன்றபோது, 'இடம் இல்லை' என்று அது மறுத்துவிட்டது. செடிகளுக்கிடையே நின்றுகொண்டே அவசரத்தில் பழைய படங்களை அழித்தேன். அழித்தவற்றுள் அதற்கு முந்தைய வாரம் வேறு மூன்று தோட்டங்களில் எடுத்த நோய்ப் படங்களும் போய்விட்டன. மலிவு என்று நான் மிச்சம் பிடித்த பணத்தைவிட அந்த இழப்பு பெரிது. அந்த அனுபவத்தையும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில், அது தேவைதானா?

பேசுவதற்கு மட்டும் என்றால் பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியே போதும். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லாத எண்ணை எந்தக் கைப்பேசியிலிருந்தும் அழைத்துத் தமிழிலேயே ஐயம் கேட்கலாம். சாதாரணக் கைப்பேசியிலும் பணம் அனுப்ப 'யு.பி.ஐ. 123பே' என்ற முறை 2022 மார்ச் மாதத்தில் தொடங்கப்பட்டது. ஆகவே அண்டை வீட்டார் வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் யாரும் ஸ்மார்ட்போன் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் கீழ்க்கண்ட வேலைகள் உங்களுக்கு இருந்தால் அது பயனுள்ள கருவியே.

முதலாவது, விலை நிலவரம். முன்பு காபி முழுவதும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போயிற்று. 1990-களின் நடுவில் அம்முறை நீங்கியதிலிருந்து, யாரிடம், எப்போது, என்ன விலைக்கு விற்பது என்பதை விவசாயியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அன்றைய சந்தை விலை தெரியாமல் வியாபாரியிடம் பேரம் பேச முடியாது.

இரண்டாவது, வானிலை. 2019-ல் வெளிவந்த 'மேகதூத்' செயலியில் ஐந்து நாள்களுக்கான மழை முன்னறிவிப்பும், அதையொட்டிய வேளாண் ஆலோசனையும் கிடைக்கின்றன. களத்தில் பார்ச்மெண்ட் பரப்பியிருக்கும் நாள்களில் இதன் அருமை தெரியும். 'தாமினி' செயலி, 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவில் இடி மின்னல் வருமுன் எச்சரிக்கிறது. மலை உச்சியில் மரத்தடியில் வேலை செய்வோருக்கு இது உயிர் காக்கும் செய்தி.

மூன்றாவது, மானியம் முதலிய விவரங்கள். தமிழக அரசு 2018 ஏப்ரல் மாதத்தில் தொடங்கிய 'உழவன்' செயலியில் மானியத் திட்டங்கள், உர இருப்பு, சந்தை விலை ஆகியவற்றைப் பார்க்கலாம்.

நான்காவது, நோயுற்ற செடியைப் படம் எடுத்து வேளாண் விஞ்ஞானிகளுக்கு அனுப்புதல்.

இவற்றுள் எவை உங்களுக்கு வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அலை இல்லாத இடத்தில் கைப்பேசி ஏன்?

சமவெளி விவசாயிக்கு இல்லாத ஒரு பிரச்சினை நமக்கு உண்டு. மலை மடிப்புகளில் ஓர் ஊரில் கிடைக்கும் அலை அடுத்த ஊரில் கிடைப்பதில்லை. வீட்டு வாசலில் கிடைப்பது பள்ளத்தில் உள்ள தோட்டத்தில் கிடைப்பதில்லை. எனவே கைப்பேசியைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்த நிறுவனத்தின் சிம் அட்டை உங்கள் ஊரில் வேலை செய்கிறது என்று அறிதல் வேண்டும்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வெவ்வேறு நிறுவனச் சிம் அட்டைகள் உள்ள கைப்பேசிகளை உறவினர், நண்பர்களிடம் கேட்டு வாங்கி, வீடு, காய வைக்கும் களம், தோட்டத்தின் கடைக்கோடி ஆகிய மூன்று இடங்களிலும் ஒரு முறை பேசிப் பாருங்கள். ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள். மூன்றிலும் எது எடுக்கிறதோ அதுவே உங்களுக்கு ஏற்றது.

குறைந்த அலைவரிசைகள் (700, 850, 900 மெகாஹெர்ட்ஸ்) அதிகத் தொலைவு செல்லும். மேட்டையும் மரங்களையும் ஓரளவு தாண்டி வரும். இவை கைப்பேசியின் விவரத் தாளில் முறையே 'பேண்ட் 28', 'பேண்ட் 5', 'பேண்ட் 8' என்று குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் சிம் நிறுவனம் பயன்படுத்தும் பேண்ட் அந்தத் தாளில் உள்ளதா என்று கடைக்காரரைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

5ஜி சேவை நம் நாட்டில் 2022 அக்டோபர் 1 முதல் வந்தது. உங்கள் ஊர்க் கோபுரத்தில் 5ஜி இல்லையென்றால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அதே விலையில் கிடைத்தால் வாங்கி வைப்பதில் தவறில்லை.

களமும் கிடங்கும்

கடையில் '6 ஜி.பி., 128 ஜி.பி.' என்று இரண்டு எண்கள் சொல்வார்கள். பலருக்குக் குழப்பம் வருவது இங்கேதான். நம் தொழிலை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

சிறிய எண் 'ராம்'. இது காபி காய வைக்கும் களம் போன்றது. ஒரே நேரத்தில் எவ்வளவு வேலையைப் பரப்பி வைக்கலாம் என்பதை இது காட்டும். களம் சிறிதாக இருந்தால் ஒன்றை அள்ளிய பிறகே மற்றொன்றைப் பரப்ப முடியும். கைப்பேசியும் அப்படியே தயங்கித் தயங்கி வேலை செய்யும்.

பெரிய எண் சேமிப்பகம். இது மூட்டை அடுக்கும் கிடங்கு. படம், வீடியோ, செயலி எல்லாம் இங்கே நிரந்தரமாக இருக்கும்.

சில பெட்டிகளில் '12 ஜி.பி. வரை ராம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே சிறிய எழுத்தில் பாதி ராம் சேமிப்பகத்திலிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டிருப்பார்கள். கிடங்கின் ஒரு மூலையைக் களமாகக் கணக்குக் காட்டுவது போன்றதே இது. கிடங்குக்குள் பரப்பினால் வெயில் படுமா? அந்த ராம் உண்மையான ராமின் வேகத்தில் வேலை செய்யாது; கிடங்கின் இடமும் குறையும். ஆகவே 'உண்மை ராம் எவ்வளவு?' என்று கேட்க வேண்டும். நமது வேலைகளுக்கு 4 ஜி.பி. குறைந்த அளவு, 6 ஜி.பி. நல்லது.

கிடங்கு ஓராண்டில் எவ்வளவு நிரம்பும்?

பெட்டியில் 64 ஜி.பி. என்று இருந்தாலும் அது முழுவதும் நமக்குக் கிடைப்பதில்லை. கைப்பேசியை இயக்கும் மென்பொருளும் உடன் வரும் செயலிகளும் ஏறத்தாழ 20 ஜி.பி. எடுத்துக்கொள்ளும். மீதம் சுமார் 44 ஜி.பி. ஒரு ஜி.பி. என்பது 1,000 எம்.பி. ஆகும். இனி வரவைக் கணக்கிடுவோம்.

வாரத்துக்கு 10 படங்கள், படம் ஒன்றுக்கு 4 எம்.பி. என்றால் ஆண்டுக்குச் சுமார் 2 ஜி.பி.

வாரத்துக்கு 5 நிமிட வீடியோ, நிமிடத்துக்கு 120 எம்.பி. என்றால் ஆண்டுக்குச் சுமார் 31 ஜி.பி.

வாட்ஸ்அப் குழுக்களில் தானாக வந்து இறங்குபவை நாளொன்றுக்கு 30 எம்.பி. என்றால் ஆண்டுக்குச் சுமார் 11 ஜி.பி.

மொத்தம் 44 ஜி.பி. அதாவது 64 ஜி.பி. கைப்பேசியின் கிடங்கு முதல் ஆண்டிலேயே நிரம்பிவிடும். நாம் ஏற்றும் செயலிகளுக்கான இடத்தை இதில் சேர்க்கவே இல்லை. நிரம்பிய பிறகு செயலிகள் புதுப்பிக்க மறுக்கும்; அறுவடைக் காலத்தில் எடைச் சீட்டைப் படம் எடுக்கக்கூட இடம் இராது. 128 ஜி.பி. இருந்தால், ஆண்டுக்கு இருமுறை வேண்டாதவற்றைக் களைந்துவிட்டுப் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

இக்கணக்கில் மற்றொன்றையும் கவனியுங்கள். இடத்தைப் பிடிப்பது படம் அன்று, வீடியோவே. படம் மட்டும் எடுப்பவருக்கு, வாட்ஸ்அப்பில் 'தானாகப் பதிவிறக்கம்' என்பதை நிறுத்தி வைத்தால் 64 ஜி.பி. கூடப் போதுமானதாகும்.

மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் படங்களையும் வீடியோக்களையும் அதற்கு மாற்றலாம். ஆனால் செயலிகளைப் பெரும்பாலும் அதற்கு மாற்ற முடியாது. சில கைப்பேசிகளில் கார்டு போட்டால் இரண்டாவது சிம் போட இடமிராது. இரண்டு சிம் வைத்திருப்போர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மலைக்கு ஏற்ற அம்சங்கள்

மின்கலம்: அலை குறைவான இடத்தில் கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடி அதிக மின்சாரம் செலவழிக்கும். காற்றும் மழையும் வலுக்கும்போது மரக்கிளை விழுந்து மின்தடையும் ஏற்படும். ஆகவே 5,000 எம்.ஏ.எச். அளவுக்குக் குறையாத மின்கலம் அவசியம். பெட்டிக்குள் சார்ஜர் உண்டா என்றும் கேளுங்கள். இப்போது பல கைப்பேசிகளுடன் அது வருவதில்லை. தனியே வாங்கினால் அதன் விலையையும் சேர்க்க வேண்டும்.

ஈரம்: மூடுபனியும் தூறலும் நமக்குப் பழக்கம், கைப்பேசிக்கு ஆகாது. 'ஐ.பி.' என்ற குறியீட்டுக்குப் பின் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் நீருக்கு. 'ஐ.பி.54' தெளிக்கும் நீரைத் தாங்கும். 'ஐ.பி.67' ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வரை தாங்கும். ஆனால் தண்ணீரால் வந்த பழுதைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. நனைந்துவிட்டால் உடனே அணைத்து, துணியால் துடைத்து, காற்றாட வையுங்கள். அடுப்படியில் காய வைக்கவோ, ஈரத்துடன் சார்ஜ் போடவோ கூடாது.

படக்கருவி: '50 மெகாபிக்சல், மூன்று கேமரா' என்பதைக் கேட்டு மயங்க வேண்டாம். மலிவான கைப்பேசிகளில் மூன்றில் இரண்டு வெறும் 2 மெகாபிக்சலாக இருப்பதுண்டு. நமக்குத் தேவை, இலையின் அடிப்பக்கத்தில் உள்ள ஆரஞ்சு நிறத் துருப்பொடியும், தண்டுத் துளைப்பான் தாக்கிய தண்டில் பட்டைமேல் எழும் மேடுகளும் தெளிவாகத் தெரிவதே. கடையிலேயே ஒரு மருந்துச் சீட்டின் பொடி எழுத்தை ஒரு சாண் தூரத்திலிருந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து தெளிவாக இருந்தால் துருப்பொடியும் தெளிவாக விழும்.

திரை: கடையின் விளக்கில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். களத்தில் நின்று படிக்க வேண்டியது நீங்கள்தானே?

மென்பொருள் ஆயுள்: நாம் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. கைப்பேசியின் பாதுகாப்பு மென்பொருளை நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தரும்? சில மலிவான கைப்பேசிகளுக்கு 2 ஆண்டுகளே. சில நிறுவனங்கள் 6 ஆண்டுகள் வரை தருகின்றன. மிகப் பழைய மென்பொருளில் வங்கிச் செயலிகள் காலப்போக்கில் இயங்காமல் போகும். நமது வங்கிக் கணக்கு இருக்கும் கருவிக்குப் பூட்டு உறுதியாக இருக்க வேண்டாமா?

விலையை ஆண்டால் வகுங்கள்

இப்போது விலைக்கு வருவோம். கீழே சொல்லும் தொகைகள் கணக்குக்காக மட்டுமே. கடை விலை மாறும். 2025-ன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் உயர்ந்ததால் கைப்பேசி விலையும் ஏறியிருக்கிறது.

முதல் கைப்பேசி: 64 ஜி.பி., விலை ரூ.8,500. இடம் போதாமல் வாங்கிய மெமரி கார்டு ரூ.500. மொத்தம் ரூ.9,000. இரண்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு ரூ.4,500.

இரண்டாவது: 128 ஜி.பி., விலை ரூ.12,500. இடையில் ஒரு முறை மின்கலம் மாற்ற ரூ.1,500. மொத்தம் ரூ.14,000. ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு ரூ.2,800.

மூன்றாவது: விலை ரூ.30,000. மின்கலம் மாற்ற ரூ.2,400. மொத்தம் ரூ.32,400. ஆறு ஆண்டு உழைத்தாலும் ஆண்டுச் செலவு ரூ.5,400.

மிக மலிவானதும் நட்டம்; மிக உயர்ந்ததும் நட்டம். நடுத்தர விலையில் கிடங்கு பெரிதாகவும் ஆயுள் நீண்டதாகவும் உள்ளதே சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும். இதில் பழுதுச் செலவையும் நினைவில் வையுங்கள். பழுது பார்க்கும் மையம் சேலத்தில் இருந்தால், ஒவ்வொரு பழுதுக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏற வேண்டும். பேருந்துக் கட்டணத்துடன் ஒரு நாள் கூலியும் போகும். சேலத்தில் பழுது பார்க்கும் மையமே இல்லாத நிறுவனத்தின் கைப்பேசி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தவணையில் எச்சரிக்கை

'வட்டியில்லாத் தவணை' என்ற அழைப்பு எங்கும் ஒலிக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தலாம். நமக்கு வருமானம் மாதந்தோறும் வருவதில்லை. காபிப் பணமும் மிளகுப் பணமும் அறுவடையை ஒட்டிய சில மாதங்களில் வந்துவிடும். பிறகு கவ்வாத்து, உரம், களையெடுப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எனப் பணம் வெளியே போகும் மாதங்களே அதிகம். அந்த மாதங்களில் தவணை தவறினால் அபராதம், வங்கிக் கட்டணம் என்று சேர்ந்துகொள்ளும். பிற்பாடு பயிர்க்கடன் கேட்கும்போது அந்தத் தவறுதலும் பதிவில் தெரியும்.

ஆகவே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ரொக்கமாகத் தந்தால் என்ன விலை?' ரொக்க விலை ரூ.12,000 என்றும், தவணையில் ரூ.12,500-உடன் செயலாக்கக் கட்டணம் ரூ.300 என்றும் சொன்னால், அந்த ரூ.800 தான் பெயர் சொல்லாத வட்டி. அறுவடைப் பணம் வந்ததும் ரொக்கத்தில் வாங்குவதே நல்லது.

கடையில் செய்ய வேண்டியவை

1. கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். பெட்டியிலும் ரசீதிலும் அதே எண் இருக்க வேண்டும்.

2. பழைய கைப்பேசி வாங்குவோர் அந்த எண்ணை 'கே.ஒய்.எம்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு எழுதி, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்க்கலாம். திருட்டுப் பொருளாக இருந்தால் பணமும் போகும், வம்பும் வரும்.

3. ரசீது இல்லாமல் வாங்க வேண்டாம். கைப்பேசிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் அந்த வரியும் அடங்கும். 'ரசீது வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்' என்பவர் உங்கள் உத்தரவாதத்தைத்தான் குறைக்கிறார்.

4. குறை இருந்து, கடையிலும் நிறுவனத்திலும் தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வாங்கிய பின்

பட்டா, வங்கிப் புத்தகம், எடைச் சீட்டு ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பது, விதை முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பது போன்றது. ஒரு பென் டிரைவிலோ பிள்ளைகளின் கணினியிலோ மற்றொரு பிரதி இருக்கட்டும். மருந்து தெளித்த கையால் கைப்பேசியைத் தொடாதீர்கள். அதையே காதிலும் வாயருகிலும் வைக்கிறோம், குழந்தைகளும் எடுக்கிறார்கள். கைப்பேசி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் தந்து, 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து முடக்கிவிடலாம். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கியின் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.

செடி நோயுற்றால் முழுச் செடி, தாக்கப்பட்ட பகுதி, இலையின் அடிப்பக்கம் என்று மூன்று படங்கள் எடுத்து, ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளிடமோ காபி வாரிய அலுவலரிடமோ காட்டி ஆலோசனை பெறுங்கள்.

தொகுத்துச் சொன்னால், முதலில் அலை, அடுத்து கிடங்கும் மின்கலமும், பிறகு மென்பொருள் ஆயுளும் பழுது மையமும், கடைசியில்தான் மற்ற அலங்காரங்கள். விலையை எப்போதும் ஆண்டால் வகுத்தே பார்க்க வேண்டும். ஓராண்டு உழைப்பில் வந்த காபிப் பணத்தில் வாங்கும் கருவி, குறைந்தது ஐந்து அறுவடைக்காவது உங்களுடன் களத்துக்கு வர வேண்டும். அவ்வாறு கணக்கிட்டு வாங்கி, மலைவாழ் விவசாயப் பெருமக்கள் பயனடைவார்களாக.